வானியலாளர் ஷ்டெஃபானிக் எப்படி ஜெனரல் ஆனார்?

கேள்வி இதுதான்: ஸ்லோவாக்கியாவில் பிராடிஸ்லாவா விமான நிலையத்துக்கு மிலான் ராஸ்திஸ்லாவ் ஷ்டெஃபானிக் என்று ஒருவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். தேடினால் வானியலாளர் என்று வருகிறது, விமானி என்று வருகிறது, பிரெஞ்சு ராணுவ ஜெனரல் என்றும் வருகிறது. செக்கோஸ்லோவாக்கியாவை உருவாக்கிய மூவரில் ஒருவர் என்றும் சொல்கிறார்கள். இவை எல்லாம் ஒரே ஆளா? விஞ்ஞானி ஒருவர் படை திரட்டும் இடத்துக்கு எப்படி வந்தார்? கடைசியில் அவரைக் கூட்டாளிகளே சுட்டு வீழ்த்தினார்கள் என்பது உண்மையா?

ஒரே ஆள்தான். 38 வயதுக்குள் செய்து முடித்தவை இத்தனையும். சுட்டு வீழ்த்தினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் 'விஞ்ஞானத்தை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர்' என்று அவரை அறிமுகப்படுத்தும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. கிரகணம் பார்க்கத் தீவு தீவாக அலைந்தபோது கற்றுக்கொண்ட வேலையைத்தான் போர்க்காலத்திலும் செய்தார். அதிகாரத்தில் இருப்பவரின் அறைக்குள் எப்படியாவது நுழைவது, அவர் நம்பும்படி பேசுவது, கையெழுத்தோடு வெளியே வருவது. அந்த வேலையில் அவருக்கு நிகரானவர்கள் அன்றைய ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

1880 ஜூலை 21-ஆம் தேதி கோஷாரிஸ்கா என்ற மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தார். அப்பா பாவோல், லூத்தரன் சபைப் போதகர். பிறந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர். சிலர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். ஊர் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஹங்கேரிப் பாதியில் இருந்தது. வரைபடத்தில் ஸ்லோவாக்கியா என்ற பெயரில் ஒரு மாவட்டம்கூடக் கிடையாது. ஸ்லோவாக் மொழியில் நடந்துகொண்டிருந்த மூன்று மேல்நிலைப் பள்ளிகளையும் 1874-75-ல் அரசு மூடிவிட்டது. 'மாதிட்சா ஸ்லோவென்ஸ்கா' என்ற பண்பாட்டு அமைப்பையும் 1875-ல் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டது. படிக்க வேண்டுமென்றால் ஹங்கேரிய மொழியில் படிக்க வேண்டும். வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் விட்டுக்கொடுக்காத மாணவனுக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. பிராடிஸ்லாவாவில் தொடங்கி, ஷோப்ரோனுக்கு மாறி, கடைசியில் ஹங்கேரியச் சமவெளியில் உள்ள சர்வாஷில் 1898-ல் பள்ளிப் படிப்பை முடித்தார்.

அங்கிருந்து பிராக் நகரம். முதலில் கட்டடப் பொறியியல் சேர்ந்தார், இரண்டு வருடத்தில் அதை உதறிவிட்டு 1900-ல் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் வானியலுக்கு மாறினார். போதகர் வீட்டில், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சோறு போடும் படிப்பை விட்டுவிட்டு நட்சத்திரம் படிக்கிறேன் என்றால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே பல்கலைக்கழகத்தில்தான் தோமாஷ் மசாரிக் என்ற தத்துவப் பேராசிரியரின் வகுப்புகளில் உட்கார்ந்தார். செக் மக்களும் ஸ்லோவாக் மக்களும் சேர்ந்து நின்றால்தான் இருவருக்கும் பிழைப்பு என்ற எண்ணம் அங்கே பிடிபட்டது. 1904-ல் முனைவர் பட்டம். ஆய்வு எதைப் பற்றி என்றால், 1572-ல் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் திடீரென்று தோன்றி டைகோ பிராஹே என்ற வானியலாளரைத் திகைக்க வைத்த புதிய விண்மீனைப் பற்றி.

அதே வருடம் நவம்பரில் பாரிஸ் போய் இறங்கினார். கையில் பணம் இல்லை, பிரெஞ்சும் சரியாக வராது. பெயர் தெரிந்த ஓரிருவருக்கான அறிமுகக் கடிதம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பாரிஸுக்கு வெளியே மூதோன் வானாய்வகத்தில் இருந்த ஜூல் ஜான்சென் என்ற கிழவரைப் போய்ப் பார்த்தார். ஷ்டெஃபானிக்கைப் புரிந்துகொள்ள இந்த ஜான்செனைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

ஜான்சென் பழைய கிரகண வேட்டைக்காரர். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழு சூரிய கிரகணத்துக்காக அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து முகாம் போட்டவர். சூரியன் விளிம்பில் எழும் செந்நிறப் பிழம்புகளைப் பார்க்கக் கிரகணத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நிறமாலைக்காட்டி இருந்தால் எந்த நாளிலும் பார்க்கலாம் என்று அங்கேதான் கண்டார். ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது. 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, அல்ஜீரியாவில் தெரியப் போகும் கிரகணத்தைத் தவற விட முடியாது என்று பலூனில் ஏறி எதிரிப் படையின் தலைக்கு மேலே பறந்து போனார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மேகம் மறைத்துவிட்டது. மனிதர் அசரவில்லை.

சின்ன வயதிலேயே கால் ஊனமான ஜான்சென், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் உச்சிக்குத் தன்னைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போகச் செய்தவர். 4,800 மீட்டருக்கு மேல், உச்சியிலேயே ஒரு வானாய்வகம் கட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஈஃபெல் கோபுரம் கட்டிய ஈஃபெலின் செலவில் பனிக்குள் சுரங்கம் தோண்டிப் பாறையைத் தேடினார்கள், பாறை அகப்படவில்லை. சரி, பனி மேலேயே கட்டுவோம் என்று 1893-ல் மரத்தால் கட்டி முடித்தார். பனி நகர நகரக் கட்டடம் சாய்ந்துகொண்டே வந்து, 1909-ல் கைவிட வேண்டியதாயிற்று.

அந்தச் சாயும் மரவீட்டுக்குத்தான் ஷ்டெஃபானிக்கை அனுப்பினார். 1905-ல் முதல் ஏற்றம். அதன் பிறகு பல முறை ஏறினார். ஏன் அவ்வளவு உயரம்? சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். அவற்றில் சில சூரியனிலேயே உண்டானவை, சில பூமியின் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் நீராவியும் ஒளியை விழுங்குவதால் உண்டானவை. எது எதுவென்று பிரிக்க, உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கும் காற்றைக் குறைக்க வேண்டும். மலை ஏறினால் காற்று குறையும், நீராவி இன்னும் வேகமாகக் குறையும். கீழே தடித்துத் தெரிந்த கோடு மேலே மெலிந்தால் அது பூமியின் கைவேலை. ஷ்டெஃபானிக் இதில் எடுத்துக்கொண்டது நிறமாலையின் சிவப்புக் கோடியும் அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்புப் பகுதியும். வண்ண வடிகட்டிகளைப் பயன்படுத்தி, கண்ணுக்கு எட்டும் எல்லையை நீட்டிப் பார்த்தார். முடிவுகள் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் வந்தன. 1907-ல் பிரெஞ்சு வானியல் சங்கம் ஜான்சென் பெயரிலான பரிசை அவருக்குக் கொடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்லோவாக்கியாவில் இவரைப் பெரிய விஞ்ஞானி என்று எழுதுவார்கள். திறமையான, துணிச்சலான நோக்கர் என்பது வரைக்கும் சரி. வானியல் பாடநூலில் இவர் பெயரில் ஒரு விதியோ விளைவோ கிடையாது. ஒரே இடத்தில் பத்து வருடம் உட்கார்ந்து அளந்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். உட்காரும் ஆள் அவர் இல்லை. உட்கார வைக்க ஆளும் இல்லாமல் போனது. 1907 டிசம்பரில் ஜான்சென் இறந்தார். புதிதாக வந்த இயக்குநர் தெலாந்த்ருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. மூதோன் கதவு மூடிக்கொண்டது.

அதற்குள் அவர் பார்த்த கிரகணங்களில் பாதிக்கு மேகம்தான் பதில் சொன்னது. 1905 ஆகஸ்டில் ஸ்பெயின் கடற்கரையில் ஜான்சென் குழுவோடு பார்த்தது நன்றாக அமைந்தது. 1907 ஜனவரியில் ரஷ்யத் துருக்கிஸ்தான் வரை போனார், வானம் ஒத்துழைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் யாஸ்னயா போல்யானாவுக்குப் போய் டால்ஸ்டாயைப் பார்த்துவிட்டார். டால்ஸ்டாயின் வீட்டு மருத்துவர் துஷான் மகோவிட்ஸ்கி ஒரு ஸ்லோவாக்கியர் என்பது உதவியிருக்கும். இதுதான் ஷ்டெஃபானிக்கின் பாணி. போன காரியம் கெட்டாலும் போன இடத்தில் ஒரு பெரிய மனிதரின் அறிமுகம் சேர்ந்துவிடும்.

பதவி போன பிறகு அலைச்சல் இன்னும் கூடியது. 1910-ல் ஹாலி வால்நட்சத்திரத்துக்காகப் பசிபிக் தீவான தாஹிட்டிக்குப் போனார். பபீட்டே நகருக்கு மேலே ஒரு குன்றில் சொந்தமாக ஒரு நோக்குநிலையம் அமைத்தார். அங்கே கிட்டத்தட்ட ஒரு வருடம் தங்கி, தீவு மக்களைப் படம் எடுத்தார், கைவினைப் பொருள்களைச் சேகரித்தார், தீவுகளுக்கு நடுவே கம்பியில்லாத் தந்தி நிலையங்களும் வானிலை நிலையங்களும் வேண்டும் என்று பிரெஞ்சு அரசுக்குத் திட்டம் எழுதினார். 1911 ஏப்ரலில் டோங்காவின் வவாவு தீவில் ஒரு முழு கிரகணம். 1912 அக்டோபரில் பிரேசிலின் பாசா குவாட்ரோ ஊரில் இன்னொன்று. அந்தப் பிரேசில் முகாமில் அக்கம்பக்கத்தில் காத்திருந்தவர்களில் ஆர்தர் எடிங்டனும் ஒருவர். மழை கொட்டி எல்லோருக்கும் காரியம் கெட்டது. அதே எடிங்டன்தான் ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று காட்டிய 1919 மே 29 கிரகணத்தைப் பார்த்தவர். ஷ்டெஃபானிக் இறந்த அதே மாதம்.

1912-ல் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 1913-ல் ஈக்வடாருக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் வானியல், வானிலை. உண்மையான காரணம் வேறு: பனாமா கால்வாய் திறக்கப் போகிறது, கலபகோஸ் தீவுகள் அந்தப் பாதைக்குக் காவல் நிற்கின்றன, அங்கே கம்பியில்லாத் தந்தி நிலையம் வைக்கப் பல நாடுகளுக்கும் ஆசை. குள்ளமான உருவம், அம்மைத் தழும்பு விழுந்த முகம், எப்போதும் வலிக்கும் வயிறு. இதோடு போய், தலைநகர் கீட்டோவில் அமைச்சர்களோடு உட்கார்ந்து பேசி, பிரான்ஸுக்குச் சாதகமாகக் காரியத்தை முடித்துக்கொடுத்தார். 1914-ல் லெஜியன் ஆஃப் ஹானர் விருது வந்தது. அது வானியலுக்கு மட்டும் கிடைத்தது என்று நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1914-ல் போர் வெடித்தபோது, நாடு இழந்த செக், ஸ்லோவாக் தலைவர்களில் பாரிஸ் அதிகார வட்டத்துக்குள் செல்வாக்குள்ள ஒரே ஆள் இந்த வானியலாளர். மற்றவர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவர் செய்தது விமானம் ஓட்டக் கற்றது. அறுவை சிகிச்சை முடிந்து தேறாத உடம்போடு 1915 தொடக்கத்தில் சார்த்ர் விமானப் பள்ளியில் சேர்ந்தார். மே மாதம் ஆர்த்துவா போர்முனைக்குப் போய் உளவுப் பறப்புகள் செய்தார். மேகத்தைத் திட்டிப் பழகியவர் என்பதால் வானிலை விமானிக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லாமலே தெரியும். ராணுவத்துக்கு ஒரு வானிலைச் சேவையை ஏற்படுத்தச் சொல்லி, அதை அமைக்கவும் செய்தார். பிறகு செர்பியாவுக்குப் போகக் கேட்டு வாங்கிப் போனார். அங்கிருந்த விமானப் படை அணியில் சேர்ந்த சில வாரங்களிலேயே செர்பியா வீழ்ந்தது. உடம்பு முற்றிலும் கெட்டுப்போயிருந்த அவரைப் புகழ்பெற்ற விமானி லூயி போலான், பிரிஸ்ரெனில் இருந்து அல்பேனிய மலைகளைத் தாண்டிக் கடற்கரையில் வ்லோராவுக்குப் பறந்து கொண்டுவந்து சேர்த்தார். நோயாளியை விமானத்தில் ஏற்றிக் காப்பாற்றிய ஆரம்பகால நிகழ்ச்சிகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள்.

பாரிஸ் திரும்பினார். அப்போது அங்கே பெனெஷ் என்ற இளம் செக் ஆசிரியர் தலைமறைவாக வந்து சேர்ந்திருந்தார். மசாரிக் லண்டனில் இருந்தார். இருவருக்கும் பிரான்ஸின் பெரிய கதவு எதுவும் திறக்கவில்லை. ஷ்டெஃபானிக்குக்குத் தெரிந்தவர்களில் கிளேர் போவாஸ் என்ற சீமாட்டி ஒருவர். 'லெ மாதேன்' பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி த ஜூவனெலின் முதல் மனைவி. அவர் வீட்டு விருந்துகளில் அமைச்சர்கள் வருவார்கள், வெளியுறவுத் துறையின் பிலிப் பெர்தெலோ வருவார். அந்த வழியாகப் பேசிப் பேசி, 1916 பிப்ரவரி தொடக்கத்தில் பிரதமர் அரிஸ்டீட் பிரியானோடு மசாரிக்குக்கு நேர் சந்திப்பு ஏற்பாடாகிவிட்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியைப் பிரித்தால்தான் ஜெர்மனியை அடக்க முடியும் என்ற வாதத்தை வல்லரசு ஒன்றின் பிரதமர் முதல்முறையாக உட்கார்ந்து கேட்டார். பத்திரிகையில் செய்தி வந்தது. அதுவரை சில நாடு கடந்த ஆட்களின் கனவாக இருந்த விஷயம் அரசாங்கங்களின் மேசைக்கு வந்தது.

அப்புறம் அதே வருடம் பாரிஸில் செக்கோஸ்லோவாக் தேசியக் குழு அமைந்தது. மசாரிக் தலைவர், பெனெஷ் செயலாளர், ஷ்டெஃபானிக் துணைத் தலைவர். மூவருக்குள் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. மசாரிக் கருத்தை எழுதினார், பெனெஷ் அலுவலகத்தை நடத்தினார், ஷ்டெஃபானிக் ஊர் ஊராகப் போய்ப் படை கேட்டார். காரணம் எளிது. படை இல்லாத இயக்கத்தைச் சமாதான மாநாட்டில் யாரும் மேசைக்கு அழைக்க மாட்டார்கள். ஆட்கள் எங்கே? எதிரிப் படையில்தான். ஆஸ்திரிய-ஹங்கேரியச் சீருடையில் சண்டைக்கு அனுப்பப்பட்டு, ரஷ்யாவிடமும் இத்தாலியிடமும் கைதிகளாகிக் கிடந்த செக், ஸ்லோவாக் சிப்பாய்கள் பல்லாயிரம். அவர்களை முகாமிலிருந்து எடுத்து, சீருடை மாற்றி, எதிர்த் திசையில் நிற்க வைக்க வேண்டும்.

ஒவ்வொரு நாட்டிலும் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. ரஷ்யாவில் ஜார் அரசுக்குத் தன் பிடியில் இல்லாத தேசியப் படை பிடிக்காது. போதாக்குறைக்குக் குழுவின் இன்னொரு துணைத் தலைவர் டியூரிக் ரஷ்ய அரசின் ஆளாகவே மாறிவிட்டிருந்தார். 1916 கோடையில் போன ஷ்டெஃபானிக் அந்தச் சண்டையில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார். நடுவே ருமேனியாவுக்குப் போய்க் கைதிகளிலிருந்து ஆள் பிடித்துப் பிரான்ஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். 1917-ல் அமெரிக்கா போனார். அங்கே குடியேறிய ஸ்லோவாக் தொழிலாளர்கள் ஏராளம், கைதட்டலும் ஏராளம். ஆனால் அமெரிக்கா அந்த வருடக் கடைசி வரை ஆஸ்திரிய-ஹங்கேரி மேல் போர் அறிவிக்கவில்லை என்பதால் ஆள் சேர்ப்பு எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. 1917 டிசம்பர் 16-ஆம் தேதி பிரான்ஸில் செக்கோஸ்லோவாக் ராணுவம் அமைக்கும் ஆணை வெளியானது.

அவருடைய ஆகப் பெரிய வெற்றி இத்தாலியில் கிடைத்தது என்பது என் கணிப்பு. வெளியுறவு அமைச்சர் சொன்னீனோவுக்கு இந்தத் தேசிய இனக் கோரிக்கைகள் எதுவும் பிடிக்காது. ஆஸ்திரியாவை உடைத்தால் நடுவில் யூகோஸ்லாவியா முளைக்கும், டால்மேஷியக் கடற்கரை கைவிட்டுப் போகும் என்ற பயம். ஆனால் 1917 இலையுதிர் காலத்தில் கபரெட்டோவில் இத்தாலியப் படை சிதறி ஓடியது. அதன் பிறகு ரோமில் மனநிலை மாறியது. கைதிகளை முதலில் மண்வெட்டியோடு வேலைப் பட்டாளங்களாகத்தான் விட்டார்கள். ஷ்டெஃபானிக் சொன்னீனோவைச் சுற்றிக்கொண்டு பிரதமர் ஓர்லாண்டோவிடம் போனார். 1918 ஏப்ரல் 21-ஆம் தேதி இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடே இல்லாத ஒரு குழுவோடு ஒரு வல்லரசு, அரசோடு அரசு போடுவது போல ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதம் ரோமில் விக்டர் இமானுவேல் நினைவுச் சின்னத்தின் முன் படைக்குக் கொடி வழங்கினார்கள்.

அந்தக் கொடியை வாங்கியவர்களுக்கு விலை தெரியும். அவர்கள் சட்டப்படி இன்னும் ஆஸ்திரியப் பேரரசரின் குடிமக்கள். பிடிபட்டால் கைதி இல்லை, துரோகி. 1918 ஜூனில் பியாவே போர்முனையில் பிடிபட்டவர்களை ஆஸ்திரிய ராணுவம் மரங்களில் தூக்கிலிட்டது. அந்தப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன, பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ரோமில் இன்னொன்றும் நடந்தது. ஜூலியானா பென்சோனி என்ற இளம் பிரபுகுலப் பெண்ணோடு நிச்சயம் ஆனது. திருமணம் நடக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை.

1918 ஜூனில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். கோடை முடிவதற்குள் இன்னொரு பயணம், இந்த முறை சைபீரியாவுக்கு. போல்ஷிவிக்குகளோடு மோதி, டிரான்ஸ்-சைபீரியன் ரயில் பாதையையே பிடித்து வைத்திருந்த செக்கோஸ்லோவாக் படையணி அங்கே இருந்தது; ரஷ்யாவில் கைதிகளாகக் கிடந்தவர்களிலிருந்து திரண்ட படைதான் அது. பிரெஞ்சு ஜெனரல் ஜானனோடு அமெரிக்கா, ஜப்பான் வழியாக விளாடிவாஸ்தாக் போய்ச் சேர்ந்தது நவம்பரில். வழியில் இருக்கும்போதே அக்டோபர் 28-ஆம் தேதி பிராகில் குடியரசு அறிவிக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 14-ல் அமைந்த முதல் அமைச்சரவையில் இவர் போர் அமைச்சர். அதே அமைச்சரவையில் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் என்று கிளோஃபாச் வேறு இருந்தார். ஒரு ராணுவத்துக்கு இரண்டு அமைச்சர்கள், ஒருவர் உலகின் மறுமுனையில். இது எங்கே போய் முடியும் என்று ஊகிக்கலாம்.

சைபீரியாவில் அவர் கண்டது வெற்றிப் படை இல்லை, களைத்துப்போன படை. நாடுதான் கிடைத்துவிட்டதே, ரஷ்யர்களின் உள்நாட்டுச் சண்டையில் நாங்கள் எதற்குச் சாக வேண்டும் என்று சிப்பாய்கள் கேட்டார்கள். அக்டோபரில் கர்னல் ஷ்வெட்ஸ் தன் வீரர்கள் போருக்குப் போக மறுத்ததால் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். போல்ஷிவிக்குகளை நசுக்க இந்தப் படை பயன்படும் என்ற எண்ணத்தோடு வந்த ஷ்டெஃபானிக், நேரில் பார்த்ததும் மனம் மாறினார். சிப்பாய்க் குழுக்களைக் கலைத்துக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்; அதோடு படையை முன்னணியிலிருந்து விலக்கி ரயில் பாதைக் காவலுக்கு மாற்றினார். இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், அவரைத் துதிப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் சொல்வார்கள்.

1919 வசந்தத்தில் பாரிஸ் திரும்பியபோது சமாதான மாநாடு நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் பெனெஷ் கையில் எடுத்திருந்தார். புதிய நாட்டின் ராணுவத்துக்குப் பயிற்சி தருவது இத்தாலியா, பிரான்ஸா என்ற இழுபறியில் பிரான்ஸ் ஜெயித்தது. இத்தாலியோடு சொந்தப் பெயரைப் பணயம் வைத்துப் பேசிய ஷ்டெஃபானிக்குக்கு அது அவமானம். ஏப்ரலில் அவருக்கும் பெனெஷுக்கும் கடுமையாக முட்டிக்கொண்டது. ஷ்டெஃபானிக் இத்தாலிக்குப் போனார், அங்கிருந்து ஊருக்குக் கிளம்பினார்.

மே 4-ஆம் தேதி காலை. உதினெ நகருக்குப் பக்கத்தில் கம்போஃபார்மிடோ விமானத்தளம். மூன்று எஞ்சின் பொருத்திய கப்ரோனி குண்டுவீச்சு விமானம், மூன்று இத்தாலிய வீரர்கள். பிராடிஸ்லாவாவுக்கு அருகே வாய்நோரி தளத்தில் இறங்க வேண்டும். மதியத்துக்கு முன் நகரத்து மக்கள் விமானம் வட்டமிடுவதைப் பார்த்தார்கள். அது இவான்கா கிராமத்துக்கு அருகே வயலில் விழுந்தது. நால்வரும் இறந்தார்கள். தான் உருவாக்கிய நாட்டின் மண்ணை அவர் உயிரோடு மிதிக்கவே இல்லை.

சுட்டார்களா? வதந்தி ஏன் கிளம்பியது என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஹங்கேரியில் பேலா குன்னின் கம்யூனிஸ்ட் ஆட்சி, அதோடு செக்கோஸ்லோவாக்கியா சண்டையில் இருந்த வாரங்கள் அவை. இத்தாலியக் கொடிக்கும் ஹங்கேரியக் கொடிக்கும் அதே மூன்று நிறங்கள். கீழே இருந்த பட்டாளம் எதிரி விமானம் என்று நினைத்துச் சுட்டிருக்கலாம் என்பது ஒரு கதை. பெனெஷோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர், ஆகவே பெனெஷ்தான் ஆணை கொடுத்தார் என்பது இன்னொரு கதை. செக் மேலாதிக்கத்தின் மேல் கசப்பு கூடக் கூட இந்தக் கதையும் கூடவே வளர்ந்தது. விசாரணை முடிவு விபத்து என்றது. பெனெஷ் ஆணை கொடுத்ததற்குக் காகிதமும் இல்லை, சாட்சியும் இல்லை. போரில் தேய்ந்த விமானம், பழக்கமில்லாத தளம், நீண்ட பறப்பு. இறங்கும்போது விழுந்த விமானங்கள் 1919-ல் எத்தனையோ. இதற்கு மேல் சதி தேவைப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். பலரும் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறந்த ஊருக்கு அருகே பிராட்லோ என்ற குன்றின் மேல் புதைத்தார்கள். கூட இறந்த இத்தாலியர்களில் இருவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். துஷான் யுர்கோவிச் வடிவமைத்து 1928-ல் திறந்த வெள்ளைக்கல் நினைவிடம் அங்கே நிற்கிறது. நான்கு மூலையிலும் நான்கு தூண்கள், அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்லோவாக்கியா போகிறவர்கள் பிராடிஸ்லாவா கோட்டையோடு திரும்பாமல் இதையும் பார்க்கலாம். அதே 1928-ல் பிராக் நகரில் பெட்ரின் குன்று மேல் அவர் பெயரில் பொதுமக்களுக்கான வானாய்வகம் திறந்தது. இன்றும் அங்கே தொலைநோக்கியில் பார்க்க விடுகிறார்கள்.

1948-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அவர் பெயர் ஓரங்கட்டப்பட்டது. பிரெஞ்சு ஜெனரல், சைபீரியாவில் போல்ஷிவிக்குகளை எதிர்த்த படையின் அமைச்சர், இதைவிடக் குற்றம் என்ன வேண்டும்? பிராடிஸ்லாவாவில் ஆற்றங்கரையில் நின்ற சிலையை 50-களில் அகற்றினார்கள். 1989-க்குப் பிறகு எல்லாம் திரும்பி வந்தது. விமான நிலையத்துக்குப் பெயர், 5,000 கொருனா நோட்டில் முகம், 2009-ல் அதே ஆற்றங்கரையில் சிலையின் பிரதி. 2019-ல் தேசியத் தொலைக்காட்சி நடத்திய 'ஆகப் பெரிய ஸ்லோவாக்கியர்' வாக்கெடுப்பில் முதலிடம் அவருக்குத்தான்.

வெளியுலகில் மட்டும் ஏன் மசாரிக்கும் பெனெஷும் தெரிகிற அளவு இவர் தெரிவதில்லை? மசாரிக் 1935 வரை குடியரசுத் தலைவராக இருந்தார், அவருக்குப் பின் பெனெஷ் வந்தார். இருவரும் போர்க்கால நினைவுகளைப் பெரிய நூல்களாக எழுதினார்கள். உலகம் செக்கோஸ்லோவாக்கியா பிறந்த கதையை அந்த நூல்கள் வழியாகத்தான் படித்தது. ஷ்டெஃபானிக் விட்டுச்சென்றது நாட்குறிப்புகள், கடிதங்கள், கண்ணாடித் தகட்டுப் படங்கள், கையெழுத்தான ஒப்பந்தங்கள். நினைவு நூல் எழுதுகிற வயது அவருக்கு வரவே இல்லை.